சைக்கிள் பார்க்கில் நின்ற மைல்கல்

புவியியல் பட்டம் பெற்ற குற்றத்துக்காக எனக்கு வருடத்துக்கு ஒரு தண்டனை கிடைத்துக்கொண்டிருந்தது. நான் வேலை பார்த்த பிரதேச செயலகம் ஆண்டுதோறும் 'வளத்திரட்டு' என்று ஒரு புத்தகம் வெளியிடும். எத்தனை குடும்பம், எத்தனை கிணறு, எத்தனை மாடு, எத்தனை கோயில் என்று எல்லாவற்றையும் அட்டவணை போட்டுக் காட்டும் புத்தகம். அதன் முதல் அத்தியாயம் 'வரலாறும் அமைவிடமும்'. அட்டவணை போட முடியாத ஒரே அத்தியாயம் அதுதான் என்பதால் ஒருவரும் அதைத் தொட விரும்பவில்லை. கடைசியில் அது என் மேசைக்கு வந்து சேர்ந்தது.

நெல்லியடியில் இருந்து பஸ்ஸில் வந்தால், கண்டக்டர் சந்தியின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கடந்துபோய்விடும் பட்டினம் எங்களுடையது. நாலு தெரு சந்திக்கிற இடத்தில் ஒரு சந்தை, இரண்டு வங்கி, ஒரு தபாற்கந்தோர், ஒரு வைரவர் கோயில். கொஞ்சம் தள்ளி எங்கள் கந்தோர், அதாவது அந்தச் செயலகம். வடக்கே நடந்தால் கடல் மணக்கும். தெற்கே நடந்தால் வயல். மலை இல்லை, ஆறும் இல்லை. தொண்டைமானாறு பெயரில்தான் ஆறு, உண்மையில் அது உள்ளே புகுந்த கடல். மழை பெய்தால் நிலத்தடியில் உள்ள சுண்ணக்கல் குடிக்கும். குடித்து மிஞ்சியது குளத்தில் நிற்கும். குளமும் நிரம்பினால் வாய்க்கால் வழியே அந்தக் கடல்நீரேரிக்குப் போகும். இவ்வளவுதான் எங்கள் புவியியல். வரலாறு இதைவிடக் குறைவு. அதிலும் நான் வட்டுக்கோட்டைப் பக்கத்தில் இருந்து மாற்றலாகி வந்தவள். "வலிகாமத்தாள் வந்து எங்களுக்கு வடமராட்சி வரலாறு எழுதுறா" என்று கந்தோரில் பகிடி விடுவார்கள்.

முதல் வருடம் நான் எழுதிக் கொடுத்ததைப் பார்த்த பிரதேச செயலர், "வரலாறு காணாது, மிஸ். கொஞ்சம் கூட்டுங்கோ" என்றார். சம்பலுக்கு உப்புக் காணாது என்பதுபோல் சொன்னார்.

கூட்டுவதற்கு எதை எடுப்பது? யன்னலுக்கு வெளியே பார்த்தேன். கந்தோர் வளவின் மூலையில், சைக்கிள் பார்க்கில், ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு நான் ஹெல்மெட்டைக் கவிழ்த்து வைக்கிற கல் ஒன்று நின்றது. இடுப்புக்குச் சற்று மேலான உயரம், பழைய கல். உச்சி சொரசொரப்பு, பக்கங்கள் வழுவழுப்பு. எழுத்து எதுவும் இல்லை. முன்பு எழுத்து இருந்து தேய்ந்து போயிருக்க வேண்டும் என்று நினைத்தேன். தெருவோரத்தில் எழுத்துள்ள கல் என்றால் மைல்கல். பழைய மைல்கல் என்றால் இங்கே ஒரு காலம் ஆண்ட ஒல்லாந்தர். யாருடையது என்று தெரியாத எந்தப் பழைய சாமானையும் ஒல்லாந்தன் தலையில் கட்டிவிடுவது யாழ்ப்பாணத்தாருக்குக் கைவந்த கலை. இடிந்த சுவரும் அவன் கட்டியது, பெரிய மாமரமும் அவன் வைத்தது. நானும் யாழ்ப்பாணத்தாள்தானே. "செயலக வளவில் காணப்படும் கல் ஒல்லாந்தர் காலத்து மைல்கல் எனக் கருதப்படுகிறது" என்று எழுதினேன். யாரால் கருதப்படுகிறது? என்னால்தான்.

அடுத்த வருடம் 'எனக் கருதப்படுகிறது' கழன்று விழுந்தது, அந்த இடத்தில் 'ஆகும்' வந்து குந்தியது. அதற்கடுத்த வருடம் கல்லுக்கு வெள்ளைப் பெயின்ற் அடித்து, சுற்றிவரச் சங்கிலி போட்டு, பக்கத்தில் என் வரியை எழுதிய பலகை நட்டார்கள். மாவட்டக் கச்சேரியில் இருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்து நாடா வெட்டினார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொப்பியோடு வந்து அதைப் படம் கீறிக்கொண்டு போனார்கள். பெயின்ற் மட்டும் கல்லின் நடுப்பகுதியில் நிற்காமல் அழிந்துகொண்டே இருந்தது. கடைக்காரன் மட்டமான பெயின்றைத் தந்து ஏமாற்றிவிட்டான் என்று எல்லோரும் திட்டினோம். நானும் சேர்ந்துதான் திட்டினேன். பொய் எழுதினேன் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை என்பதுதான் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்.

எங்கள் கந்தோரின் காலைச் சாப்பாடு பின்மதிலுக்கு அப்பால் இருந்து வரும். அங்கே ஒரு அக்கா இடியப்பம் அவித்து, சம்பலும் சொதியும் கட்டி, ஏழரைக்குக் கொண்டுவந்து வைத்துவிடுவார். அவருடைய புருசனுக்குப் போரில் ஒரு கால் போய்விட்டது. இரண்டு ஊன்றுகோலில் நடப்பார். அந்தக் காணி அக்காவின் சீதனம். இடம்பெயர்ந்து போய்ப் பல வருடம் கழித்து அவர்கள் திரும்பி வந்தபோது, வீட்டுக்குப் பின்னால் வெறும் வெளியாகக் கிடந்த இடத்தில் எங்கள் மாடிக் கந்தோரும் அதைச் சுற்றி மதிலும் எழும்பியிருந்தன. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாரியும் தெருவெள்ளம் அவர்கள் வளவுக்குள் வந்து, மதிலில் முட்டி, போக வழியில்லாமல் அடுப்படிக்குள் ஏறும். இடியப்பம் நின்றுவிடும். வெள்ளம் வடியும்வரை இரண்டு கிழமைக்குக் கந்தோரில் எல்லோரும் பேக்கரிப் பாண் தின்றுகொண்டு புறுபுறுப்போம். அந்த இரண்டு கிழமையும் அவர்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் பாய் விரித்துப் படுக்கிறார்கள் என்பதை நானும் பாண் தின்றுகொண்டுதான் கேள்விப்பட்டேன்.

ஒரு வருடம் புரட்டாசி முடிகிற நேரம் அக்கா இடியப்பப் பெட்டியோடு ஒரு கடிதமும் கொண்டுவந்தார். நான் வேறு அலுவலாகப் பிரதேச செயலரின் அறையில் நின்றேன்.

"சேர், மதிலின்ரை அடியிலை ஒரு ஓட்டை போட்டுத் தந்தால் காணும். வெள்ளம் அதாலை போயிடும்."

"அரசாங்கக் காணிக்குள்ளை வெள்ளம் வரட்டும் எண்டு சொல்லுறீங்களோ?"

"ஓம், சேர்" என்றார் அக்கா, ஒளிவு மறைவில்லாமல். "ஒவ்வொரு மாரியும் முழங்கால் தண்ணிக்குள்ளாலை இவரை முதுகிலை தூக்கிக்கொண்டு போனனான். இந்த முறை ஏலாது. நாரி பிடிச்சுப்போச்சு, ஒண்டும் தூக்கக் கூடாதெண்டு டொக்டர் சொல்லிட்டார். வேறை ஆக்கள் தூக்க அவர் விடமாட்டார்."

சேர் கெட்ட மனிதர் அல்ல, பயந்த மனிதர். "மதிலை உடைச்சால் கணக்குப் பாக்கிற ஓடிட்காரர் வந்து என்ரை தலையை உடைப்பினம். முந்தி அதாலை தண்ணி ஓடினதெண்டு ஏதாவது பதிவு கிடந்தால் சொல்லுங்கோ, அடுத்த நாளே உடைக்கிறன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "மிஸ், உங்கடை புத்தகத்திலை என்ன கிடக்கு?"

என் புத்தகத்தில் ஒல்லாந்தர் கிடந்தார்கள், தண்ணீர் கிடக்கவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லி வைத்தேன்.

அக்காவின் மேல் இரக்கப்பட்டுத்தான் தேடத் தொடங்கினேன் என்று எழுதினால் எனக்கு நல்ல பெயர் கிடைக்கும். ஆனால் அது உண்மை அல்ல. அன்று மத்தியானம் அலுமாரியைக் கிண்டியபோது, தட்டச்சில் அடித்த பழைய குளப் பட்டியல் ஒன்று அகப்பட்டது. என் புத்தகத்தில் உள்ள குளங்களைவிட அதில் ஒன்று கூடுதலாக இருந்தது. 'மாட்டுக்குளம்' என்று பெயர் மட்டும். எங்கே என்று இல்லை. ஒரு குளம் எப்படித் தொலையும்? சைக்கிளைத் தொலைக்கலாம், அடையாள அட்டையைத் தொலைக்கலாம். எனக்கு அந்தக் கேள்வி தலைக்குள் புகுந்த வண்டாகிவிட்டது.

இரண்டு கிழமையாக, வேலை முடிந்த கையோடு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு குளம் குளமாகத் திரிந்தேன். ஒவ்வொரு குளத்தடியிலும் ஒவ்வொருவர் "இதுதான் மாட்டுக்குளம்" என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தார்கள். பட்டியலில் அந்தக் குளங்களுக்கு ஏற்கெனவே வேறு பெயர் இருந்தது. ஒரு நாள் திரும்பி வருகையில் எங்கள் கந்தோர் வாசலுக்கு முன்னால் தெருவுக்குக் கீழே ஒரு சிறிய மதகைக் கண்டேன். அதற்குமுன் எத்தனை நாள் அதன் மேலால் போயிருப்பேனோ தெரியாது. உள்ளே மண்ணும் பிளாஸ்ரிக் போத்தலும் அடைந்து கிடந்தன. மறுபக்கம் வயல். இந்தப் பக்கம் எங்கள் படலை. தண்ணீர் ஓடாத இடத்தில் யார் மினக்கெட்டு மதகு கட்டினார்கள்? ஸ்கூட்டியைத் தெருவோரம் விட்டுவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றேன். போனவர்கள், மிஸ்ஸுக்கு என்ன விழுந்துவிட்டது என்று கேட்டார்கள்.

அடுத்த நாள் பின்பக்கத்து ஒடுங்கிய ஒழுங்கையால் அக்காவின் வீட்டுக்குப் போனேன். இத்தனை வருடம் அவர் கையால் தின்றும் அந்த வீட்டுக்கு நான் போவது அதுதான் முதல் தரம். அடுப்படிச் சுவரில் கரியால் கோடுகள் போட்டிருந்தார்கள், மாரிக்கு ஒரு கோடு. எல்லாவற்றிலும் மேலே இருந்த கோடு அடுப்புக்கு மேலே நின்றது. அண்ணை, அதாவது அக்காவின் புருசன், கதிரையில் இருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தார்.

"தண்ணி எந்தப் பக்கத்தாலை வருது, அண்ணை?" என்று கேட்டேன்.

"ஒழுங்கையாலை வந்து நேரை உங்கடை மதிலுக்குத்தான் போகும், தங்கச்சி. தண்ணிக்குத் தன்ரை வழி தெரியும். மதில்தான் புதுசு."

"வெள்ளம் வந்தால் அயலிலை ஆரையும் கூப்பிட்டுத் தூக்கச் சொல்லக் கூடாதோ?"

அவர் திருவலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது. "ஊரார் என்னைத் தூக்கிறது ஒரு நாளைக்குத்தான். அந்த நாள் இன்னும் வரேல்லை."

தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன். அன்றைக்குப் பிறகு நான் தேடியது வெறும் ஆர்வத்துக்காக மட்டும் அல்ல.

அது நடந்தது ஒரு சனிக்கிழமை. வளத்திரட்டை அச்சுக்குக் கொடுக்க நாள் நெருங்கியதால் நான் தனியாகக் கந்தோருக்கு வந்திருந்தேன். காவலாளி வழக்கம்போல் படலையைச் சாத்த மறந்துவிட்டு எங்கேயோ போய்விட்டார். பதினொரு மணி இருக்கும். வெளியே சங்கிலிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், யாருடையதோ ஒரு சிவலைப் பசு சங்கிலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், ஒல்லாந்தர் காலத்து மைல்கல்லில் கழுத்தை வைத்து உரஞ்சிக்கொண்டு நின்றது. இப்படி ஒரு தரம், அப்படி ஒரு தரம். பிறகு திரும்பி மற்றப் பக்கக் கழுத்து. கண் பாதி மூடியிருந்தது.

"ஹேய்! ஹேய்!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். அது என்னை ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. தன் அலுவல் முடிந்த பிறகுதான் விலகிப் போனது. கல்லில் பெயின்ற் அழிந்திருந்த இடத்தைப் பார்த்தேன். பசுவின் கழுத்து நின்ற அதே உயரம். கையை வைத்துத் தடவினேன். சுற்றிவர வழுவழுப்பு, உச்சியிலும் அடியிலும் சொரசொரப்பு. எழுத்து இப்படியா தேயும்? இந்தக் கல்லில் எழுத்து ஒரு நாளும் இருந்ததில்லை. இது ஆவுரஞ்சிக்கல். மேய்ச்சலுக்குப் போய்வரும் மாடுகள் தினவு தீர உரஞ்சுவதற்கு அந்தக் காலத்தில் நட்டுவிடும் கல். எங்கள் ஊரிலேயே ஒன்று நிற்கிறது, சின்ன வயதில் நான் அதில் ஏறி விளையாடியிருக்கிறேன். மாடுகள் தண்ணீர் குடிக்கிற இடத்தில்தான் அதை நடுவார்கள்.

குனிந்து காலடியைப் பார்த்தேன். கட்டடத்துக்குக் கீழே கிறவல் மண் போட்டு உயர்த்தியிருந்தார்கள். சைக்கிள் பார்க் மூலையை மட்டும் அப்படியே விட்டிருந்தார்கள். அங்கே மண் செம்மண் அல்ல. கறுத்த களி, வெயிலில் பாளம் பாளமாக வெடித்திருந்தது. குளத்தின் அடிமண். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாக, தொலைந்த குளத்தில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, அதே ஸ்கூட்டியில் ஏறி இரண்டு கிழமை அந்தக் குளத்தைத் தேடியிருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வந்தது. தனியாக நின்று சத்தமாகவே சிரித்தேன்.

அந்தச் சந்தோசத்தோடு ஒழுங்கையால் ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். "அக்கா, அது மைல்கல் இல்லை! மாடு உரஞ்சிற கல்லு! கந்தோர் நிக்கிறது குளத்துக்குள்ளை!"

அக்கா இடியப்ப உரலைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "கல்லைப்பற்றித் தெரியும், மிஸ்" என்றார்.

"தெரியுமோ?"

"சின்னனிலை எங்கடை மாடும் அதிலைதானே உரஞ்சினது. அந்தப் பள்ளத்திலை மாரிக்குத் தண்ணி நிக்கும். குளமெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை, தூர்ந்துபோய்க் கிடந்தது. பள்ளம் எண்டுதான் சொல்லுறது."

"அப்ப ஏன் அக்கா சொல்லேல்லை?"

இப்போது நிமிர்ந்தார். "நீங்கள் படிச்சனீங்கள். பலகை போட்டிட்டியள். கச்சேரியாலை வந்து திறந்துபோட்டும் போயிட்டினம். நான் ஓட்டை கேட்டு வாற ஆள். அந்த நேரம் உங்கடை கல்லிலை பிழை சொன்னால் எனக்கு ஆர் ஓட்டை போட்டுத் தருவினம்?"

என் சிரிப்பு அந்த இடத்திலேயே நின்றது. ஊரெல்லாம் கேட்டுத் திரிந்த நான், தினமும் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவரிடம் கல்லைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காதது மட்டும் அல்ல, நான் எழுதிய ஒரு வரிக்குப் பயந்து அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை.

திங்கட்கிழமை பழைய பட்டியலையும் கொண்டு சேரின் அறைக்குப் போனேன். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டதுபோல் அவர் விழித்தார்.

"நாங்கள் குளத்துக்குள்ளையோ இருக்கிறம்?"

"ஓம், சேர்."

அவர் மேசைக்குக் கீழே தரையைப் பார்த்தார். பிறகு, "கல்லை விடுங்கோ, மிஸ். பட்டியலை மட்டும் வைச்சு எழுதித் தாங்கோ" என்றார்.

"பட்டியலிலை குளம் எங்கை எண்டு இல்லை, சேர். இஞ்சைதான் எண்டு சாட்சி சொல்லுறது அந்தக் கல் மட்டும்தான். மதகு கூட நிக்குது. ஆனால் கல் இல்லாமல் மதகை நம்பமாட்டினம்."

"அப்ப மைல்கல் எண்டு எழுதினது ஆர் எண்டு கேப்பினம்."

அந்தக் கணத்தில் எனக்கு நாண்டுகொண்டு சாகலாம் போல இருந்தது என்பதை மறைக்கப்போவதில்லை. கந்தோரில் விழப்போகும் பகிடி காதில் கேட்டது. படம் கீறிக்கொண்டு போன பிள்ளைகளின் முகம் வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைக்கு எனக்கும் ஆசை இருந்தது. ஆனால் அடுப்படிச் சுவரில் இருந்த கரிக்கோடுகளும் கூடவே ஞாபகத்துக்கு வந்தன. சேரின் மேசையிலேயே ஒரு தாளை எடுத்து எழுதினேன். "மேற்படி கல் மைல்கல் என நான் எழுதியது ஆதாரமற்றது, பிழையானது. அது ஆவுரஞ்சிக்கல். இந்த வளவு மாட்டுக்குளம் எனும் குளத்தின் பகுதி. வடக்கில் இருந்து வரும் வெள்ளம் இதனூடாகத் தெற்கு மதகுக்குச் செல்வதே இயல்பான வழி. இதனைப் பின்மதிலுக்கு அப்பால் வசிப்பவர் உறுதிப்படுத்தினார்." கையெழுத்து வைத்தேன். எழுதியதில் எனக்குப் பிடித்தது கடைசி வரிதான்.

சேர் அதை வாசித்துவிட்டு ஒரு நீண்ட மூச்சு விட்டார். கீழே தானும் ஒப்பமிட்டார். ஆனால் அடுத்த நாள் மதில் உடையவில்லை. கடிதம் பொறியியலாளருக்குப் போனது. அவருடைய பதில் வரவேண்டும் என்று கோப்பு காத்திருந்தது. மழை காத்திருக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு முற்பகல் வானம் பிளந்ததுபோல் கொட்டத் தொடங்கியது. ஒரு மணித்தியாலத்தில் தெரு ஆறானது. பின்மதிலுக்கு மேலால் ஒரு தலை தெரிந்தது. அக்கா எதிலோ ஏறி நின்று, "மிஸ்! வீட்டு முத்தத்துக்குத் தண்ணி வந்திட்டுது! இன்னும் ஒரு படிதான்!" என்று கத்தினார்.

நான் சேரின் அறைக்கு ஓடினேன். அவர் ஏற்கெனவே யன்னலடியில் நின்றார். அக்காவின் தலையையும் பார்த்தார், மேசையில் இருந்த என் கடிதத்தையும் பார்த்தார். "அலவாங்கு எங்கை?" என்று காவலாளியைக் கூப்பிட்டார். பிறகு குடையையும் எடுத்துக்கொண்டு தானே முன்னால் போனார். அந்த மனிதரை நான் அன்றைக்கு மதித்ததுபோல் அதற்கு முன்னும் மதித்ததில்லை, பின்னும் இல்லை.

காவலாளி அந்தக் கனத்த இரும்புக் கம்பியால் மதிலின் அடியில் குத்தினார். சேர் குடையைத் தனக்குப் பிடிக்காமல் அவருக்குப் பிடித்தார். நாலாம் ஐந்தாம் குத்தில் ஒரு கல் உள்ளே விழுந்தது. அடுத்தது தானாக விழுந்தது. தண்ணீர் சீறிக்கொண்டு வந்து எங்கள் எல்லோருடைய காலையும் நனைத்துவிட்டு, யாரும் வழி காட்டாமலே சைக்கிள் பார்க்குக்குப் போனது. கல்லைச் சுற்றி நிரம்பியது. என் ஸ்கூட்டியின் சில்லு மூழ்கியது. என்னுடைய பலகை ஒரு பக்கம் சாய்ந்தது. நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தெருவுக்குப் போய், கிடைத்த தடியால் மதகுக்குள் இருந்த போத்தல்களைத் தள்ளினேன். அது ஒரு தரம் விக்கி, பிறகு வயலுக்குள் கொட்டத் தொடங்கியது.

மழை அன்று முழுக்க விடவில்லை. அடுத்த நாள் காலை கந்தோருக்கு வந்தபோது சைக்கிள் பார்க் நிறையத் தண்ணீர். நடுவில் அந்தக் கல் மட்டும் தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றது. எங்கேயோ இருந்து தவளைகள்கூட வந்துவிட்டன. எல்லோரும் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "வலிகாமத்தாள் குளம் வெட்டிப்போட்டா" என்று என்னைப் பகிடி பண்ணிக்கொண்டு படியேறினார்கள். எனக்குக் கோபம் வரவில்லை.

ஏழரைக்கு இடியப்பம் வந்தது. மழைக்கால இடியப்பம். படலையடியில் கொண்டுவந்து நின்றது அக்கா அல்ல, அண்ணை. ஒழுங்கையைச் சுற்றி, தெருவால் வந்திருக்கிறார். பெட்டி ஒரு சீலைப் பையில் அவருடைய கழுத்தில் தொங்கியது. இரண்டு ஊன்றுகோலின் நுனியிலும் ஈர மண். மூச்சு வாங்கியது.

நான் ஓடிப்போய்ப் பெட்டியை வாங்கினேன். "ஏன் அண்ணை நீங்கள் வந்தனீங்கள்? வீட்டுக்குள்ளை தண்ணியோ?"

அவர் எங்கள் சைக்கிள் பார்க்கைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இல்லைத் தங்கச்சி, அடுப்பு நூராமல் எரியுது. மாரியிலை நான் வீட்டாலை வெளிக்கிட்டால் அவவின்ரை முதுகிலைதான் வெளிக்கிடுறது. இண்டைக்கு நடந்து வந்து பாத்தனான்."